பேரு இருக்குதுங்களா?

பதுளைக் கடைவீதியில் இருக்கும் எங்கள் புத்தகக் கடைக்கு வருகிறவர்கள் கொப்பியும் பேனாவும் வாங்கிக்கொண்டு போவார்கள். போகும்போது வாயிலிருந்து ஏதாவது ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போவார்கள். அதை நான் எடுத்து வைத்துக்கொள்வேன். சின்ன வயசிலிருந்தே எனக்கு இப்படி ஒரு கோளாறு. யாராவது ஒரு விஷயத்தைத் தன் பாணியில் சொல்லிவிட்டால் அன்று முழுக்க அதை மிட்டாய் மாதிரி வாயில் போட்டு உருட்டிக்கொண்டிருப்பேன்.

கேம்பஸ் போய் முதல் மாசத்திலேயே முகம் வாடி வந்த ஒரு பிள்ளையிடம், அங்கே இங்கிலீஷில் நடத்துகிறார்களே, பாடம் விளங்குகிறதா என்று கேட்டேன். "மழைச் சத்தம் மாதிரி கேட்டுக்கிட்டே இருக்கு அக்கா. நனையத்தான் மாட்டேங்குது" என்றாள். மட்டக்களப்புப் பக்கம் போன இன்னொருத்தி, அங்கே காற்றுக்கே வேர்க்கிறது என்றாள். தோட்டத்துப் பிள்ளைகள் இப்படித்தான். அழுகையைச் சொல்லும்போதும் ஓரத்தில் கொஞ்சம் சிரிப்பை வைத்துத்தான் சொல்வார்கள்.

நான் படித்தது பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரைக்கும். அதற்குப் பிறகு அப்பா என்னைக் கல்லாவில் உட்கார வைத்தார். இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன். விற்பனைக்கு வரும் புத்தகத்தை முதுகு மடியாமல், பக்கம் அழுக்காகாமல், அது விற்றுப்போவதற்குள் வாசித்துவிட வேண்டும். அதுதான் என் மேற்படிப்பு. கேம்பஸ் வாசலை மிதிக்காத நான் கேம்பஸ் போகிற பிள்ளைகளுக்கு வழி சொல்கிறவளாக ஆனது பெரிய கதை இல்லை. முதலில் போனவள் பட்டதைக் கேட்டு அடுத்தவளுக்குச் சொன்னேன். அடுத்தவள் பட்டதை அதற்கடுத்தவளுக்கு. அப்படியே வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையைச் சாத்திவிட்டு, பின்னறையில் பேப்பர் கட்டுகளின் மேல் அவர்களை உட்கார வைத்து, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துப் பேசுவேன். எல்லாரும் அவரவர் வீட்டில் கேம்பஸ் போகிற முதல் ஆள். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு அண்ணனோ மாமாவோ கிடையாது.

விளங்கவில்லை என்றால் கையைத் தூக்கிக் கேட்கலாம் என்பேன். ஒரு பாடத்தில் தவறினால் திரும்ப எழுதலாம். காய்ச்சல் வந்தாலோ வீட்டில் ஒரு கெட்டது நடந்தாலோ சொல்லிவிட்டு வரலாம், தவறிப்போன பரீட்சையைப் பிறகு எழுதிக்கொள்ளலாம், அதற்காக யாரும் விரட்ட மாட்டார்கள். பரீட்சைக்கு முதல் நாள் போனை அணைத்து வைத்துவிட்டு நேரத்தோடு தூங்க வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். தலையாட்டினால் உள்ளே போய்விட்டது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் சொல்ல வந்த பிள்ளையும் அந்தப் பேப்பர் கட்டில் உட்கார்ந்தவள்தான். ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறிப் போனால் வரும் ஒரு தோட்டம். அதன் பேர் வேண்டாம். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்திலிருந்து கேம்பஸ் போன முதல் ஆள் அவள். பெற்றவர்களுக்கு ஒரே பிள்ளை. மட்டக்களப்புப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

அவளுடைய அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர், தேயிலைச் செடிகளைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடும் வேலை. கடைக்குள் வரவே மாட்டார். காலில் சேறு என்று சொல்லி வாசலில் நின்றே பேசுவார். சேறு இல்லாத நாளிலும் அதையேதான் சொல்வார். மகளை மட்டக்களப்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டு நேரே எங்கள் வாசலுக்கு வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. வாய் மட்டும் சிரித்தது. "பதுளையோட ரயிலே நின்னுருதுங்க அக்கா. அதுக்கு மேல அதுக்கே வழி தெரியல. எம் புள்ள அதையும் தாண்டிப் போயிட்டா" என்றார். அந்த வாரம் கடைக்கு வந்த எல்லாரிடமும் நான் அதைச் சொல்லியிருப்பேன்.

அம்மா கொழுந்து பறிக்கிறவள். அவள் அதிகம் பேச மாட்டாள். மாசத்துக்கு ஒரு தடவை டவுனுக்கு வரும்போது கடையில் எட்டிப் பார்ப்பாள். பையைக் கீழே வைக்காமலே ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"அங்க அவ பேரு இருக்குதுங்களா?"

தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் பேர் என்பார்கள். விடியற்காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய் நின்று, நாள் முழுக்க வேலை செய்தால் ஒரு பேர் விழும். கொழுந்தின் எடை குறைந்தால் அரைப் பேர். கன நாள் வேலைக்குப் போகாமல் நின்றுவிட்டால் பேரையே வெட்டிவிடுவார்கள். மகளின் படிப்பையும் அவள் இந்தப் படியால்தான் அளந்துகொண்டிருந்தாள். வகுப்பு என்றால் பெரட்டு. பரீட்சையில் புள்ளி குறைந்தால் அரைப் பேர். முதல் வருஷத்தில் ஒரு பாடத்தில் மகளுக்கு அரைப் பேர்தான் விழுந்ததாம் என்று அவள் கவலையோடு சொன்னபோது நான் கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகளிடமும் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். அவள் எப்போது கேட்டாலும் "இருக்கு தங்கச்சி, பேரு பத்திரமா இருக்கு" என்று நான் சொன்ன பிறகுதான் பஸ்ஸுக்குப் போவாள். எனக்கு அது நல்ல பேச்சாகத் தெரிந்தது. அவளுக்கு அது பயம்.

இரண்டாம் வருஷத் தீபாவளிக்குப் பிள்ளை வரவில்லை. லீவு இல்லையா என்று போனில் கேட்டேன். லீவு இருக்கிறது, பேரு போய்விடும், வர வேண்டாம் என்று அம்மாதான் சொல்லிவிட்டார்கள் என்றாள். அப்பா அதற்காக வீட்டில் சண்டை போட்டு, கோபத்தில் பலகாரத்தைத் தானே கட்டிக்கொண்டு பசறைக்குப் போய், அங்கே ஒரு தோட்டத்தில் இருக்கும் மகளின் தோழியிடம் கொடுத்தனுப்பினார். அந்தத் தோழியும் என் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைதான். அதே கேம்பஸ், ஹாஸ்டலில் அதே அறை.

அதுதான் அவர் மகளுக்குக் கொடுத்தனுப்பிய கடைசிப் பலகாரம். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் காலையில் மலையில் வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர் எனக்குப் போன் பண்ணினார். கடையைச் சாத்திவிட்டு பஸ் ஏறினேன்.

நான் போன நேரம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். லயத்து வாசலில் மழைக்குத் தறப்பாள் கட்டியிருந்தது. தப்பு அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மூச்சு வாங்கிய இடைவெளியில், மகள் எதுவரைக்கும் வந்துவிட்டாள் என்று கேட்டேன். சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் முந்தானையைச் சரிசெய்தார்கள்.

தோட்டத் தலைவர்தான் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைக்கு இன்னும் சொல்லவில்லை. நாளைக்குக் காலையில் அவளுக்குப் பரீட்சை, ஒருநாள் விட்டு இன்னொன்று. இரண்டும் முடிகிற வரைக்கும் யாரும் மூச்சு விடக்கூடாது என்று அம்மா ஒவ்வொரு காம்பராவுக்கும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறாள். இளவட்டப் பையன்கள் டவுனில் அவருடைய படம் போட்டு அச்சடித்துக் கொண்டுவந்த கண்ணீர் அஞ்சலி பேனர் சுருட்டியபடி கதவுக்குப் பின்னால் நின்றது. கட்டினால் யாராவது படம் பிடித்துப் பேஸ்புக்கில் போட்டுவிடுவார்களாம். கொழும்பில் வேலை செய்கிற சொந்தக்காரர்களுக்கும் போன் பண்ணிச் சத்தியம் வாங்கியாகிவிட்டது. ஒரு லயமே வாயைத் தைத்துக்கொண்டிருந்தது.

இது நியாயமா தலைவரே என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தாலி அறுத்தவ சொல்றா. நாங்க என்ன செய்ய?"

அந்தி சாயும் நேரத்தில் அவள் மடியிலிருந்த போன் அடித்தது. திரையைப் பார்த்தவள் தப்படிக்கிறவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். தப்பு நின்றது. ஒப்பாரி நின்றது. ஒரு குழந்தை சிணுங்க, அதன் தாய் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். தறப்பாளில் மழை விழுகிற சத்தம் மட்டும். அவள் மூக்கைச் சிந்தித் துடைத்துவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

"சொல்லு பாப்பா. சாப்புட்டியா?"

அந்தப் பக்கம் என்ன கேட்டாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. இந்தப் பக்கம் சொன்னது மட்டும் கேட்டது. இங்கே மழை, ஆமாம், பயப்படுகிற மாதிரி இல்லை. நான் நல்லாத்தான் இருக்கேன், லேசாகத் தடுமல். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்பாவா? மலையால வந்து அசந்து படுத்திருக்காரு. எழுப்ப வேணாம் பாப்பா. நீ காலையில நேரத்தோட பெரட்டுக்குப் போயிரு" என்றாள். அவர் அவளுக்கு ஒரு கை எட்டும் தூரத்தில் கிடந்தார். அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. போனை வைத்தபிறகு முதல் ஒப்பாரியை அவளே எடுத்தாள். தப்பு திரும்பத் தொடங்கியது.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. அவளை அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போய் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். பரீட்சையைப் பிறகு எழுதலாம், தகப்பன் செத்ததற்கு வந்த பிள்ளையை எந்தக் கேம்பஸும் வெளியே போடாது, இப்போது சொன்னால் விடியக்காலை பஸ்ஸைப் பிடித்து மத்தியானத்துக்குள் வந்துவிடுவாள். விலை கேட்டு வந்தவள் கடைக்காரி பேச்சைக் கேட்பதுபோல, குறுக்கே பேசாமல் கேட்டாள்.

பிறகு, நான் அதுவரை கேட்டிராத ஒரு கதையைச் சொன்னாள். மீரியபெத்தயில் மலை சரிந்தபோது அவளுடைய கூடப் பிறந்த அக்கா அங்கேதான் இருந்தாளாம். செய்தி கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியிருக்கிறாள். தோண்டுகிறவர்களுக்குப் பக்கத்தில், இப்போது எடுப்பார்கள், இப்போது எடுப்பார்கள் என்று காத்துக் கிடந்திருக்கிறாள். தோண்டுவதை நிறுத்தும் வரைக்கும் அக்கா கிடைக்கவில்லை. திரும்பி வந்து பெரட்டில் நின்றால், உன் பேரை வெட்டியாகிவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அப்போது இருந்த கணக்கப்பிள்ளை, துக்கம் வேறு, சட்டம் வேறு என்றாராம். வெட்டிய பேரைத் திரும்பப் பதிவதற்குள் அவள் ஏறி இறங்காத படியில்லை.

"மொகத்தப் பாக்காம நானும்தான் இருக்கேன் அக்கா. செத்தா போயிட்டேன்?" என்றாள். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவரு இனி வரப்போறதில்ல. அவ பேரு போனா அதுவும் வராது. ஒன்னு போனது போதும்."

ஆனாலும், நான் பிள்ளைக்குச் சொல்லத்தான் போகிறேன் என்று சொன்னேன். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எழுந்து அவர் தலைமாட்டுக்குப் போய்விட்டாள்.

கோவில் வளைவில்தான் சிக்னல் நன்றாக இருக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைக்கு எடுத்தேன். போன் அணைத்திருந்தது. பரீட்சைக்கு முதல் நாள் போனை அணைத்து வைக்கச் சொல்லிக் கொடுத்தது நான்தானே. பசறைத் தோழிக்கு எடுத்தேன். கிடைத்தாள். சொன்னேன். அடக்கத்துக்கு எப்போது எடுக்கிறார்கள் என்று கேட்டாள். நாளைப் பின்னேரம் என்றேன். அவள் புத்தகத்தை நெஞ்சில் வைத்தபடி தூங்கிப்போய்விட்டாள் அக்கா என்றாள். எழுப்பிச் சொல்லு, முதல் பஸ்ஸில் ஏற்று, முடிந்தால் நீயும் கூட வா என்றேன். சரி அக்கா, சரி அக்கா என்று அழுதாள்.

விடிந்தபோது நான் ரோட்டைப் பார்க்கத் தொடங்கினேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் பார்த்தார்கள். மழை விடவில்லை. கிராம சேவகர் வந்து, மண்சரிவு எச்சரிக்கை கொடுத்திருக்கிறார்கள், மழை நிற்காவிட்டால் அந்திக்குள் லயத்து ஆட்கள் எல்லாரும் ஸ்கூலுக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியென்றால் பிணத்தை அதற்கு முன்னால் எடுத்தாக வேண்டும். மகள் வந்துகொண்டிருக்கிறாள், கொஞ்சம் பொறுங்கள் என்று தலைவரிடம் கெஞ்சினேன். அவரும் ஏதேதோ வேலை சொல்லி நேரத்தை இழுத்தார்.

தோழியின் போனும் காலையிலிருந்து அணைத்தே இருந்தது. பஸ்ஸில் சார்ஜ் போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மத்தியானம் தாண்டித்தான் அவளே கூப்பிட்டாள்.

"மன்னிச்சிருங்க அக்கா. இப்பதான் பஸ் ஏறினோம்."

பரீட்சையா என்றேன். ஆமாம் என்றாள். நான் பேசி வைத்த பிறகு மலைநாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் ஒரு அறையில் கூடி உட்கார்ந்திருக்கிறார்கள். பசறை, ஹப்புத்தளை, பண்டாரவளை, எல்லாம் நான் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்த பிள்ளைகள். சொன்னால் போய்விடுவாள், போனால் பரீட்சை போகும், பரீட்சை போனால் என்ன ஆகுமோ என்று ஆளுக்கு ஆள் பேசி, எழுதி முடித்து வெளியே வந்ததும் சொல்லலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். அவள் எழுதும்வரை இவர்கள் வாசலில் நின்றிருக்கிறார்கள்.

பிறகு எழுதலாம் என்று நான் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனே என்றேன். குரல் உயர்ந்துவிட்டது.

"சொன்னீங்க அக்கா. நேத்தும் அதத்தான் பேசினோம்" என்றாள். "ஆனா, இல்லன்னு ஆயிட்டா? அவ பேரு எங்களால போயிட்டா, அத யாரு சொமக்கிறது?"

பிள்ளையின் அம்மா சொன்ன சொல்லை இவள் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அந்தச் சொல் அவளுடையதும்தான். அவளுடைய அம்மாவும் பெரட்டில் நிற்கிறவள். கடைப் பின்னறையில் கேட்ட பேச்சு ஒரு பின்னேரத்துப் பேச்சு. பெரட்டுச் சங்கு அவர்கள் பிறந்த நாளிலிருந்து கேட்பது.

நான் திரும்பி வந்தபோது அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் இருக்கும்போதே கேட்டாள்.

"எழுதிட்டாளா?"

எழுதிவிட்டாள் என்றேன். கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு பையன்களைக் கூப்பிட்டு அந்தப் பேனரைக் கட்டச் சொன்னாள். மழையில் அவர்கள் அதை விரித்துக் கட்டினார்கள். அதுவரை சுருட்டி வைத்திருந்த அவருடைய முகம் அப்போதுதான் ரோட்டைப் பார்த்தது.

பெட்டியை மூடுவதற்கு முன்னால் ஒருவர் நின்று குரல் கொடுப்பது வழக்கம். தலைவரே கொடுத்தார். "மொகம் பாக்காதவங்க வந்து பாத்துக்கங்க." இரண்டாம் தடவையும் சொன்னார். மூன்றாம் தடவை, ரோட்டுப் பக்கம் திரும்பி, நீட்டிச் சொன்னார். யாரும் வரவில்லை. மூடினார்கள். மகள் இடத்தில் அவருடைய தம்பி மகன் குடம் எடுத்தான்.

அவள் வந்து இறங்கியபோது லயத்தில் ஆள் இல்லை. எல்லாரையும் ஸ்கூல் மண்டபத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் மட்டும் ரோட்டோரத்தில் நின்றேன். தோழி அவள் கையைப் பிடித்திருந்தாள். பிள்ளையின் விரலில் பேனா மை அப்படியே இருந்தது. அழுது முடித்த முகம். என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொகம் எப்படி இருந்துச்சு அக்கா?"

தூங்குகிற மாதிரி இருந்தது என்றுதான் வாயில் வந்தது. அதை அவள் அம்மா ஏற்கெனவே சொல்லிவிட்டாள். விழுங்கிக்கொண்டு, கண்டதைச் சொன்னேன். சவரம் பண்ணியிருந்தார்கள், நெற்றி நிறையத் திருநீறு, மீசையின் வலது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் நரை இருந்தது. அவள் கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள். அந்த மீசை ஓரத்தை நான் அவளுக்குக் கொடுத்தேன். அதற்கு மேல் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

மண்டபத்தில், பாய்களுக்கு நடுவில் அம்மா சுவரோடு உட்கார்ந்திருந்தாள். மகளைப் பார்த்ததும் எழுந்தாள். கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். பரீட்சை எப்படி என்று கேட்டாள்.

பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றாள். "நேத்து நான் பேசும்போது அப்பா எங்க இருந்தாரு?"

"எம் பக்கத்துலதான்."

அம்மா மெல்ல உட்கார்ந்து, தன் பாயில் பாதியை விட்டு நகர்ந்து படுத்தாள். பிள்ளை தோழியின் பக்கத்தில் போய்ச் சுருண்டுகொண்டாள்.

காலையில் மழை கொஞ்சம் விட்டது. புதைத்த இடத்துக்குப் போனோம். ஈர மண்ணில் பூவெல்லாம் சேறாகிக் கிடந்தது. அவள் குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தாள். திரும்பி வந்தால் அம்மா ரொட்டி சுட்டுக் கட்டி வைத்திருந்தாள். இந்த பஸ்ஸைப் பிடித்தால்தான் அடுத்த பரீட்சைக்கு நேரத்துக்குப் போகலாம் என்றாள். இரு, பிறகு எழுதலாம் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பிள்ளை அதற்குள் பார்சலை வாங்கித் தோழி கையில் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு நடந்துவிட்டாள். அம்மா பின்னாலேயே பாதி வழி வந்தாள். பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் நின்றாள். பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

அந்தப் பாடங்கள் எல்லாவற்றிலும் அவள் நன்றாகச் செய்திருந்தாள். அரைப் பேர் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பிறகு லீவுக்கு வருவதில்லை. மட்டக்களப்பிலேயே டியூஷன் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருந்துவிடுவாள். எனக்குப் போன் பண்ணுவாள். வீட்டுக்கும் பண்ணுவாளாம், சாப்பிட்டாயா, மழையா என்கிற அளவில். அம்மா மட்டும் மாசம் தவறாமல் கடைக்கு வந்தாள். அதே பை, அதே கேள்வி. இருக்கிறது என்று சொல்வேன். அந்தச் சொல்லை இப்போதெல்லாம் நான் வாயில் போட்டு உருட்டுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு நிற்கவில்லை. வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் வரலாம் என்ற இடம் வரும்போது, இப்போது நிறுத்தி, நிஜமாக வருவீர்களா என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்கிறேன். வருவோம் அக்கா என்கிறார்கள். தலையாட்டுகிறார்கள். அந்தத் தலைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

போன மாசம் பிள்ளை கூப்பிட்டாள். பட்டமளிப்புக்கு நாள் குறித்துவிட்டார்கள், நீங்கள் வர வேண்டும் என்றாள். சந்தோஷத்தில் என்னென்னவோ கேட்டுக்கொண்டே போனேன். அம்மாவை நானே கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"அம்மாகிட்ட சொல்ல வேணாம் அக்கா" என்றாள். "அது வேலை நாள். வந்தா அவங்களுக்கு ஒரு பேரு போயிரும்."

கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். அவள் குரல் ஒரு இடத்திலும் உடையவில்லை. அந்தக் குரலை நான் முன்பே ஒரு தடவை, தறப்பாளுக்குக் கீழே கேட்டிருக்கிறேன்.

அம்மா இந்த மாசமும் வந்தாள். பேரு இருக்குதுங்களா என்றாள். இருக்கிறது என்றேன். வழக்கம்போலப் போகவில்லை. பையைக் கீழே வைத்தாள். பட்டம் கொடுக்கிற நாள் வந்துவிட்டதாமே, பசறைப் பிள்ளையின் அம்மா சொன்னாளே என்றாள்.

நாளைச் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை வாயைத் தைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது. அவள் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தாள். முதல் நாளே பெரட்டில் சொல்லிவைக்க வேண்டும் என்று தனக்குள் முணுமுணுத்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"உங்களக் கூப்புட்டாளா?"

கூப்பிட்டாள் என்றேன்.

அடுத்த சொல்லுக்காக அவள் காத்திருந்தாள். ஊர் உலகத்தில் எல்லாருக்கும் பேச்சுக் கொடுக்கிற நான், தட்டிலிருந்த பேனாக்களை ஒரே பக்கமாக அடுக்கத் தொடங்கினேன். நீலத்தை நீலத்தோடு, சிவப்பைச் சிவப்போடு. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீட்டினாள். குனிந்து பையை எடுத்தாள்.

"சரிங்க. நீங்க போயிட்டு வாங்க" என்றாள். "அங்க மைக்குல ஒவ்வொருத்தர் பேராக் கூப்புடுவாங்கதானே? அவ பேரக் கூப்புடுறத நல்லாக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க."

கேட்டுவிட்டு வந்து சொல்கிறேன் என்றேன். அவள் மழைக்குத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஸ்பிரிங்வெளி பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள்.